மரத்தளத்தை மீட்ட அனுபவம்: பணம் அடியில், உழைப்பு மேலே

வீட்டின் பின்பக்கம் திறந்தவெளியில் தூண்கள்மேல் நிற்கும் மரத்தளத்தை (டெக்) பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் ஒரே வழி என்று, பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் சொன்னார். அவர் கேட்ட தொகை எங்கள் கைக்கு எட்டுகிற தொகை இல்லை. ஆனால் அவர் அப்படிச் சொன்னதில் ஆச்சரியமும் இல்லை. பலகைகள் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தன. நிழல் விழும் பக்கத்தில் பாசியும் கறுப்புப் பூஞ்சையும் படர்ந்திருந்தன. வெறுங்காலில் நடந்தால் சிராய் ஏறும். வெளி ஓரத்தில் கால் வைத்தால் பலகை அமுங்கும். கைப்பிடியைப் பிடித்தால் அது நம்மோடு சேர்ந்து ஆடும்.

அந்தத் தளத்தைப் பிரிக்காமலே மீட்டுவிட்டோம். புதிய தளத்துக்குக் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குதான் செலவானது. அந்தச் செலவிலும் பெரும்பகுதி யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், பலகைகளுக்கு அடியில் போனது. இதே நிலையில் இருக்கும் ஒருவருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவதும் அதைத்தான். மேலே அசிங்கமாகத் தெரிவது எல்லாம் பெரும்பாலும் உழைப்பால் சரியாகிவிடும். கையில் இருக்கும் பணத்தை அடியில் இருக்கும் மரச்சட்டங்களுக்கும் தூண்களுக்கும் இணைப்புகளுக்கும் ஒதுக்கி வையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலை உயர்ந்த எண்ணெயும் வண்ணமும் வாங்கி மேலே பூசுகிறார்கள், அடியில் உளுத்த சட்டம் அப்படியே இருக்கிறது.

முதலில் சாம்பல் நிறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயமுறுத்துவது அதுதான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் மரத்தின் மேற்பரப்பில் இருக்கும் லிக்னினைச் சிதைக்கின்றன. லிக்னின்தான் மரநார்களை ஒட்டவைக்கும் பசை. அது சிதைந்ததும் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது, வெளுத்த நார் மட்டும் மேலே மிஞ்சுகிறது. இது மிக மெல்லிய அடுக்கு. அமெரிக்காவின் மேடிசன் நகரில் இருக்கும் வனப்பொருள் ஆய்வுக்கூடத்தார் கணக்குப்படி, திறந்தவெளியில் செங்குத்தாக நிற்கும் மென்மரம் (பைன் போன்ற ஊசியிலை மரம்) நூறு ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்தான் தேய்கிறது. படுத்திருக்கும் பலகை வெயிலையும் மழையையும் நேராக வாங்குவதால் இன்னும் வேகமாகத் தேயும். இருந்தாலும் சாம்பல் நிறம் வேறு, உளுத்துப்போவது வேறு. சாம்பல் பூத்த பலகையை ஓர் இடத்தில் லேசாக இழைத்துப் பாருங்கள். உள்ளே புதுமரத்தின் நிறம் அப்படியே இருக்கும்.

உளுப்பு ஈரத்தால் வருவது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உணவு, காற்று, மிதமான வெப்பம், ஈரம் எல்லாமே வேண்டும். இவற்றில் நம் கைக்குள் இருப்பது ஈரம் ஒன்றுதான். மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளராது. மழையில் நனைந்துவிட்டு ஒரே நாளில் காய்ந்துவிடும் பலகை பல பத்தாண்டுகள் நிற்கும். நனைந்தபின் காய வழியில்லாத இடம்தான் உளுக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எங்கே தேட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். இரண்டு மரங்கள் ஒட்டியிருக்கும் இடம், பலகையின் வெட்டுமுகம், மண்ணைத் தொடும் தூண், சருகு அடைத்த இடைவெளி, ஆணி இறங்கிய ஓட்டை. வெட்டுமுகம் குறிப்பாக மோசம். மரத்தின் நீர்க்குழாய்கள் எல்லாம் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன, உறிஞ்சு குழல்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது போல. பலகையின் மேல்முகத்தைவிட முனை பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும்.

சோதனைக்குத் தேவையானது ஒரு குத்தூசி. இல்லாவிட்டால் கூர்மையான திருப்புளி போதும். சந்தேகப்படும் இடத்தில் குத்தி அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும், சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே விடாது. உளுத்த மரத்தில் சுலபமாக இறங்கிவிடும். இதைவிட நம்பகமான இன்னொரு வழி இருக்கிறது. குத்தூசியைச் சாய்வாகக் குத்தி நெம்புங்கள். நல்ல மரமாக இருந்தால் நீளமான சிராய் சத்தத்தோடு பெயர்ந்து வரும். உளுத்தது என்றால் சத்தமில்லாமல், குத்திய இடத்திலேயே பொடுக்கென்று துண்டாக உடையும். மேலே தோல் போல உறுதியாக இருந்து உள்ளே பஞ்சாகிப்போன பலகைகளை இந்த நெம்பல் சோதனையில்தான் கண்டுபிடித்தோம்.

தளத்தின் அடியில் படுத்துக்கொண்டு, தலைவிளக்கு மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சட்டத்தையும் குத்திப் பார்த்தேன். கெட்டது எதுவோ அங்கே சாக்குக்கட்டியால் குறி போட்டேன். மழை பெய்து முடிந்த மறுநாள் மறுபடியும் அடியில் போய்ப் பார்ப்பது நல்லது. எது ஈரமாகவே இருக்கிறது, எங்கே சொட்டுகிறது, எந்த இடத்தில் நீர்க்கறை கோடாக இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத் தெளிவாகத் தெரியும். கரையான் இருந்தால் மண்ணால் கட்டிய குழாய்கள் தூணில் ஏறியிருக்கும். எங்கள் தளத்தில் அது இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது தளத்தை வீட்டுச் சுவரோடு பிணைக்கும் நீளச் சட்டத்தை. தளத்தின் பாரத்தில் கிட்டத்தட்டப் பாதி அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. மரத்தளங்கள் இடிந்து விழுந்து ஆட்கள் அடிபடும்போது இந்த இணைப்பு விட்டுப்போனதுதான் மிக அடிக்கடி காரணமாக இருக்கிறது. பலகைகள் உளுத்தால் ஒருவர் கால் உள்ளே போகும், இந்தச் சட்டம் கழன்றால் மேலே நிற்கும் எல்லோரும் விழுவார்கள். வீட்டுத் தளங்களுக்கு அமெரிக்கக் கட்டட விதிகள் எதிர்பார்க்கும் பாரம் சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு 195 கிலோ அளவில். ஒரு விசேஷ நாளில் கூட்டமாக நின்றால் அந்தப் பாரம் உண்மையாகவே ஏறும். ஆணி மட்டும் அடித்து நிறுத்திய சட்டம் அதைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. ஆணி பக்கவாட்டு விசையைத் தாங்கும், வெளியே இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

எங்கள் தளத்தில் இருந்தது ஆணிகள்தான். சட்டத்துக்கு மேலே நீர் தடுக்கும் தகடும் இல்லை. சுவரில் வழியும் தண்ணீர் நேராகச் சட்டத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக மரம் இன்னும் உறுதியாக இருந்தது, ஒரு முனையில் மட்டும் ஈரம் ஊறியிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டுக் காட்டினோம். எத்தனை போல்ட், எவ்வளவு இடைவெளியில், எந்தத் தடிமனில் என்று அவர் வரைந்து கொடுத்தார். அந்தக் கட்டணத்தைச் செலவு என்று நான் நினைக்கவே இல்லை. தரையிலிருந்து உயரமாக இருக்கும் தளம் என்றால் இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அரை அங்குல போல்ட்டுகளை இரண்டு வரிசையாக மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போட்டோம். மேலே இருந்த முதல் பலகையை மட்டும் கழற்றி, சுவர்ப்பூச்சுக்குள் செருகிச் சட்டத்தின் மேல் மடிந்து இறங்கும்படி தகடு வைத்தோம். தகடு வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உளுக்காமல் இருக்கச் செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரத்தோடு அலுமினியத்தை நேரடியாக ஒட்டவிட்டால் அலுமினியம் அரித்துப்போகும். ஒன்று நடுவில் தடுப்புப் பட்டை வேண்டும், இல்லாவிட்டால் வேறு உலோகத் தகடு வேண்டும்.

அப்புறம் வெளி ஓரம். சட்டங்கள் உத்திரத்தைத் தாண்டி இரண்டு அடி அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உளுப்பு முழுக்க அந்த நீட்டலில்தான். வெட்டுமுகம் மழைக்கு நேராக இருந்ததால் முனைகள் ஊறி, அவற்றை மூடியிருந்த ஓரச்சட்டமும் பஞ்சாகியிருந்தது. உத்திரத்துக்கு உள்பக்கம் சட்டங்கள் நன்றாக வைரம் பாய்ந்த கட்டைகளாகவே இருந்தன. ஒவ்வொரு சட்டத்தையும் மாற்றுவது எப்படி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "நாம உட்கார்றது சுவர் ஓரமாத்தானே, அந்த நுனியில யார் போய் நிக்கிறா? அதை வெட்டிட்டா என்ன?"

வெட்டிவிட்டோம். இந்த வேலை முழுவதிலும் எங்களுக்கு அதிகப் பணத்தை மிச்சப்படுத்திய முடிவு இதுதான். உத்திரம் அப்படியே இருந்தது, தூண்கள் நகரவில்லை, சட்டங்களின் கெட்ட முனைகள் மட்டும் போயின. உத்திரத்தைத் தாண்டிக் கொஞ்சம் விட்டு, நல்ல மரம் வரும் இடத்தில் ஒரே கோட்டில் அறுத்து, புது ஓரச்சட்டம் ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். அந்த இரண்டு அடியில் பதிந்திருந்த முழுநீளப் பலகைகள் கையில் மிஞ்சின. அவற்றில் நல்லவற்றைத் தேர்ந்து, நடுவில் உளுத்திருந்த பலகைகளின் இடத்தில் போட்டோம். ஒரே வயதுப் பலகைகள், ஒரே தடிமன், ஒரே நிறம். புதுப் பலகை வாங்கியிருந்தால் தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறி கால் தடுக்கும், நிறமும் பல மாதம் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். இடம் குறைந்ததே என்ற வருத்தம் யாருக்கும் வரவில்லை. செப்பனிடும் முன்பு, இத்தனை இடம் உண்மையிலேயே வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் உத்திரத்துக்கு உள்ளே கைவைத்து அளவைக் குறைப்பது வேறு வேலை, அதற்கு ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

உள்பக்கத்தில் ஒரு சட்டத்தின் மேல்விளிம்பு மட்டும் ஆணி ஓட்டைகள் வழியாகக் கெட்டிருந்தது. முழுச்சட்டத்தையும் கழற்றத் தேவையில்லை. உளுத்ததை உளியால் நல்ல மரம் தெரியும்வரை செதுக்கி எடுத்தோம். காய விட்டோம். போரேட் கரைசலை ஊற ஊறப் பூசினோம். பிறகு அதே உயரத்தில் புதுச் சட்டம் ஒன்றை அதன் தோளோடு ஒட்டிவைத்து, மேலும் கீழுமாகப் போல்ட் போட்டுப் பிணைத்தோம். இணைச்சட்டம் கெட்ட பகுதியைத் தாண்டி இரு பக்கமும் நன்றாக நீண்டு போக வேண்டும், முடிந்தால் இரு முனையும் தாங்கியில் உட்கார வேண்டும். கெட்ட இடத்துக்கு மட்டும் சிறு துண்டு வைத்து மூடுவதால் பயனில்லை. போரேட்டைப் பற்றி ஒன்று: அது ஈரமரத்துக்குள் தானாகவே பரவி உள்ளே போகும், பூஞ்சைக்கும் கரையானுக்கும் ஆகாது. ஆனால் மழையில் கரைந்து வெளியேறிவிடும், அதனால் மேலே நீர் புகாத மூடல் அவசியம். எல்லாச் சட்டங்களின் மேல்விளிம்பிலும் பியூட்டைல் என்ற ரப்பராலான ஒட்டுப்பட்டை ஒட்டினோம். திருகாணி இறங்கும்போது அந்தப் பட்டை அதைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும், ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்காது. விலை அதிகமில்லாத பொருள். சட்டத்தின் ஆயுளை இதைவிட மலிவாகக் கூட்ட வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு தூணின் அடி மண்ணுக்குள் புதைந்து கெட்டிருந்தது. உத்திரத்துக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கி, கெட்ட பகுதியை அறுத்து, சிமெண்டுப் பீடத்தின் மேல் உலோகத் தாங்கி பொருத்தி அதன்மேல் தூணை நிறுத்தினோம். தாங்கி தூணைப் பீடத்திலிருந்து ஓர் அங்குலம் உயர்த்தி வைக்கும், அந்த இடைவெளியில் காற்று போகும். ஜாக்கியைச் சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும், ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே. தளத்துக்கு அடியில் குவிந்திருந்த மண்ணையும் சருகையும் வாரி வெளியே போட்டு, நிலத்தை வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவாக்கினோம். இதற்குக் காசு எதுவும் ஆகவில்லை.

பலகைகளுக்கு வருவோம். தலை தூக்கிய ஆணிகளைச் சுத்தியலால் மறுபடி அடித்து இறக்குவதில் பயனில்லை. மரம் ஈரத்தில் உப்பிக் காயும்போதெல்லாம் ஆணியை மேலே தள்ளுகிறது, அடித்து இறக்கியது அடுத்த பருவத்திலேயே எழும்பும். பிடுங்கிவிட்டு அதே இடத்தில் சற்று நீளமான வெளிப்புறத் திருகாணியைப் போடுவதுதான் நிலையான வழி. பழைய ஆணித் துளையிலேயே இறங்கினால் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியதில்லை. திருகாணி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், அல்லது சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக இருக்க வேண்டும். வெறும் இரும்பு துருப்பிடித்துக் கறுப்புக் கறையை மரத்தில் விடும், மருந்தேற்றிய மரத்தில் இன்னும் வேகமாக அரிக்கும். பலகையின் முனைக்கு அருகில் போடும்போது முதலில் ட்ரில்லால் சிறு துளை போட்டுக்கொள்ளுங்கள், பிளக்காது.

மேல்முகம் வெடித்து உரிந்து, ஆனால் உள்ளே உறுதியாக இருந்த பலகைகளைத் திருப்பிப் போட்டோம். அடிமுகம் வெயிலே படாமல் இருந்ததால் ஏறக்குறையப் புதிதுபோல இருந்தது. சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்த தடம் மட்டும் கோடுகளாகத் தெரியும், அவை கழுவலில் பெரும்பாலும் மறைந்துவிடும். திருப்பும் முன் அடிமுகத்தையும் குத்திப் பாருங்கள், சட்டத்தோடு ஒட்டிய இடங்களில்தான் ஈரம் தங்கியிருக்கும். காய்ந்த பலகைகளுக்கு நடுவே 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். தண்ணீர் இறங்கவும், சருகுத் துகள் விழவும் அது வேண்டும். ஈரத்தோடு வரும் புதுப் பலகை என்றால் நெருக்கிப் போடலாம், காயும்போது அதுவே சுருங்கி இடைவெளி விட்டுக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய மருந்தேற்றிய மரத்தில் குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் கலந்த மருந்து இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மரத்துக்கு அதை ஏற்றுவது 2003 இறுதியோடு நின்றது. அதற்கு முந்தைய மரம் என்ற சந்தேகம் இருந்தால் தேய்க்காதீர்கள், தேய்க்க வேண்டியிருந்தால் நுண்தூசு வடிகட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு தூசை முழுவதும் சேகரியுங்கள். எந்த வயது மருந்தேற்றிய மரமாக இருந்தாலும் அதன் துண்டுகளை அடுப்பிலோ குளிர்காயவோ எரிக்கக் கூடாது. சாம்பலிலும் புகையிலும் அந்த மருந்தின் நஞ்சு இருக்கும்.

கழுவும் வேலையில்தான் தளம் கண்ணெதிரே உயிர்பெறுகிறது. இதற்குச் செலவு மிகக் குறைவு, ஆனால் எதைக் கொண்டு கழுவுகிறோம் என்பது முக்கியம். வீட்டில் இருக்கும் குளோரின் பிளீச்சை ஊற்றலாம் என்று பலர் சொல்வார்கள். அது பூஞ்சையைக் கொல்லும், கூடவே லிக்னினையும் சிதைத்து நாரைப் பஞ்சாக்கும், திருகாணிகளையும் அரிக்கும், சுற்றியிருக்கும் செடிகளையும் கருக்கும். நாங்கள் பயன்படுத்தியது சோடியம் பெர்கார்பனேட். துணி வெளுக்கும் ஆக்சிஜன் பொடிகளில் இருக்கும் அதே பொருள். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரிந்துவிடும். லிட்டருக்கு 50 கிராம் அளவில் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, உடனே பயன்படுத்த வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். மூடிய பாத்திரத்தில் வைக்கவே கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும்.

முதலில் தளத்தையும் செடிகளையும் வெறும் தண்ணீரால் நனைத்தோம். பிறகு கரைசலை ஊற்றி, கால்மணி நேரம் ஊறவிட்டோம். அதற்குள் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆகவே வெயில் இறங்கிய நேரமே நல்லது. நுரைத்து அழுக்கு மேலே வந்தபின் கடினமான நைலான் பிரஷ்ஷால் ரேகை ஓடும் திசையில் தேய்த்தோம். கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துணுக்குகள் மரத்தில் சிக்கி மழையில் துருப்புள்ளிகளாகும். உயர் அழுத்த நீர்க்கருவியை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். அழுத்தம் குறைவாக, விசிறிபோல விரியும் முனையோடு, ஓரடி தள்ளி நின்று அடிக்கத் தெரிந்தவர்கள் பயன்படுத்தலாம். நெருங்கிப் போனால் மென்மையான வெளிர்நாரை அது செதுக்கி எடுத்துவிடும், பலகை வரிவரியாகப் பள்ளமாகிவிடும். பிரஷ் உடம்பை வருத்தும், மரத்தை வருத்தாது.

கழுவிய மரம் கொஞ்சம் கருத்துத் தெரியும், காரத்தன்மை ஏறியிருப்பதுதான் காரணம். அதற்கு ஆக்ஸாலிக் அமிலம், லிட்டருக்கு 30 கிராம் அளவில். பூசிய சில நிமிடங்களிலேயே மரத்தின் இயற்கை நிறம் திரும்பும், பழைய ஆணிகள் விட்ட கறுப்புக் கறைகளும் கரைந்துவிடும். இது நச்சுப்பொருள். கையுறையும் கண் கவசமும் கட்டாயம், குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. குளோரின் பிளீச்சோடு எந்த அமிலமும் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கடைசியில் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசிவிட்டோம்.

பிறகு காய விட வேண்டும். பொறுமை வேண்டிய கட்டம் இது. மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் சில துளி தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் மரம் குடித்துவிட்டால் எண்ணெயையும் குடிக்கும். முத்துமுத்தாக நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது, அல்லது பழைய பூச்சு போகவில்லை.

உப்புத்தாள் தேய்ப்பது சிறு வேலை. 60, கடைசியில் 80 எண் தாள் போதும். அதற்கு மேல் வழுவழுப்பாக்கினால் மரத்தின் துவாரங்கள் மூடி எண்ணெய் இறங்காது. கைப்பிடிக்கு மட்டும் 100 வரை போகலாம். மின்கருவியை நண்பரிடம் இரவல் வாங்கினோம், திருகாணித் தலைகளை முன்பே உள்ளிறக்கிவிட்டோம்.

பூச்சு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வார்னிஷ், பெயிண்ட் போல மேலே படலமாக நிற்கும் எதையும் நடக்கும் தளத்தில் போடாதீர்கள். மரம் உப்பிச் சுருங்கும்போது படலம் விரிசல் விடும், அதன் வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேற முடியாமல் படலத்துக்கு அடியிலேயே தங்கும். சில ஆண்டுகளில் உரியத் தொடங்கும், அடுத்த பூச்சுக்கு முன் அத்தனையையும் சுரண்ட வேண்டும். மரத்துக்குள் இறங்கும் எண்ணெய்ப் பூச்சு உரியாது, மங்கும். மங்கியதும் கழுவிவிட்டு மேலேயே இன்னொரு பூச்சு கொடுத்துவிடலாம். நிறமி சற்றுக் கலந்த, ரேகை தெரியும் வகைதான் சரி. நிறமியே இல்லாத தெளிவான பூச்சு அழகாக இருக்கும், ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுப்பது நிறமிதான். படுத்திருக்கும் பலகையில் இந்த வகை இரண்டு, மூன்று ஆண்டுகள் தாங்கும். பழைய என்ஜின் ஆயிலைப் பூசச் சொல்கிறவர்களும் உண்டு. அதில் கன உலோகங்கள் இருக்கின்றன, மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகும், கால்களிலும் ஒட்டும். வேண்டவே வேண்டாம். வெறும் ஆளிவிதை எண்ணெயும் வெளியிடத்துக்குப் பொருந்தாது, பூஞ்சை அதையே உணவாக்கிக்கொண்டு கறுத்துவிடும்.

இரண்டு மூன்று பலகைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனோம். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் இரட்டைக் கோடு விழும். மெல்லியதாகப் பூசி, கால்மணி நேரம் கழித்து மேலே மிஞ்சி நிற்பதைத் துணியால் துடைத்தோம். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும். வெட்டுமுகங்களுக்கு மட்டும் குடிக்கும்வரை மறுபடி மறுபடி கொடுத்தோம்.

துடைத்த துணிகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். காயும் எண்ணெய்கள் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளியிடும். துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், யாரும் நெருப்பு வைக்காமலே தீப்பற்றும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் 38 மாடி மெரிடியன் பிளாசா கட்டடத்தில் பிடித்த தீ இப்படித்தான் ஆளிவிதை எண்ணெய்த் துணிகளில் தொடங்கியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். வேலை முடிந்ததும் துணிகளை வெளியில் தனித்தனியாக விரித்து விறைப்பாகும்வரை காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த உலோக டப்பாவில் முக்கி மூடிவையுங்கள். குப்பைக்கூடையில் மட்டும் போடாதீர்கள்.

கைப்பிடித் தூண்களைப் புது ஓரச்சட்டத்தோடு திருகாணியால் பொருத்தாமல், ஊடுருவிப் போகும் போல்ட்டால் பிணைத்து, உள்பக்கம் சட்டங்களுக்கு நடுவே முட்டுக்கட்டை கொடுத்தோம். ஆள் சாய்ந்தால் விசை முழுவதும் தூணின் அடியில் வந்து சேர்கிறது, முட்டு இல்லாவிட்டால் ஓரச்சட்டமே முறுக்கிக்கொள்ளும். கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொண்டோம், சிறு குழந்தையின் தலை நுழையாத அளவு அது.

செலவை ஒரேயடியாகச் செய்யவில்லை. சுவர்ச்சட்டமும் தூணும் முதலில், ஓரமும் பலகைகளும் அடுத்து, பூச்சு அதற்கப்புறம் என்று கையில் பணம் வர வரச் செய்தோம். அடிப்பகுதி உறுதியானபின் பலகைகள் சில மாதம் பூச்சு இல்லாமல் கிடந்தாலும் எதுவும் ஆகிவிடாது.

இப்போது சருகு விழும் காலத்தில் பலகை இடைவெளிகளைப் பழைய ரம்பத்தின் முனையால் கீறிவிடுகிறோம், பூந்தொட்டிகளைக் கால் வைத்த தாங்கிகளில் ஏற்றி வைத்திருக்கிறோம், ஆண்டுக்கு ஒருமுறை குத்தூசியோடு அடியில் போய்ப் பார்க்கிறேன். இன்னும் மிச்சமிருப்பது படிக்கட்டு. அதன் பக்கவாட்டுச் சட்டங்கள் நேராக மண்ணில் ஊன்றியிருக்கின்றன, கீழ்முனையில் குத்தினால் லேசாக இறங்குகிறது. வரும் உலர்காலத்தில் அவற்றைக் கழற்றி, கீழே சிமெண்டுப் பட்டை போட்டு அதன்மேல் நிறுத்தப் போகிறோம். ஓரத்தை அறுத்தபோது மிஞ்சிய பலகைகளில் சிலவற்றைப் படிகளுக்கென்று ஏற்கெனவே எடுத்து வைத்தாயிற்று.